பீமில் துளை போட்டால் சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?

அலுவலகக் கட்டடங்களில் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே கிடைக்கிற இடத்துக்குத்தான் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். ஏசி டக்ட், தீயணைப்புக் குழாய், கேபிள் ட்ரே எல்லாம் அதற்குள் போயாக வேண்டும். பீமுக்கு அடியில் டக்டைக் கொண்டுபோனால் ஒவ்வொரு மாடிக்கும் 300, 400 மி.மீ. உயரம் கூடிவிடும். பத்து மாடிக்குக் கணக்குப் போட்டால் ஒரு மாடி உயரமே அதில் போய்விடுகிறது. அதனால் இரும்பு பீமின் நடுவே செங்குத்தாக நிற்கும் வெப் தகட்டில் துளை போட்டு டக்டை உள்ளே விடுவது உலகம் முழுக்க வழக்கம்.

துளை போடுவது எளிது. அந்தத் துளையோடு பீம் தாங்குமா என்று ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் போன்ற கட்டடக் கணக்கீட்டு மென்பொருள்களில் சரிபார்ப்பதில்தான் சிக்கல். இந்த மென்பொருள்களில் பீம் என்பது இரண்டு நோடுகளுக்கு, அதாவது இணைப்புப் புள்ளிகளுக்கு, நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டோடு குறுக்குவெட்டைச் சொல்லும் ஒரு செக்‌ஷன் பெயர் ஒட்டியிருக்கும். பரப்பளவு, ஐ மதிப்பு (வளைவை எதிர்க்கும் விறைப்பின் அளவு), செக்‌ஷன் மாடுலஸ் எல்லாம் அந்தப் பெயரிலிருந்து வருகின்றன. கோட்டில் துளை வரைய முடியாது. வரைபடத்தில் பீமின் நடுவே அரை மீட்டர் ஓட்டை இருந்தாலும், மாடலைப் பொறுத்தவரை அது முழு பீம். டிசைன் ஓட்டினால் பச்சை நிறத்தில் ‘பாஸ்’ என்று வரும். மென்பொருள் பொய் சொல்லவில்லை. துளையைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவே இல்லை.

எவ்வளவு தூரம் இது ஏமாற்றும் என்பதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். நம் ஊரில் எங்கும் கிடைக்கிற ஐஎஸ்எம்பி 450 என்கிற ஐ (I) வடிவ பீமை எடுத்துக்கொள்வோம். உயரம் 450, ஃபிளேஞ்ச் (மேலும் கீழும் உள்ள கிடைத் தகடு) அகலம் 150, ஃபிளேஞ்ச் தடிமன் 17.4, வெப் தடிமன் 9.4 மி.மீ. இரும்பின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 250 மெகாபாஸ்கல். 7.5 மீட்டர் ஸ்பான் (சப்போர்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரம்), இரு முனையிலும் சாதாரண சப்போர்ட், மேல் ஃபிளேஞ்சைக் கான்கிரீட் தளம் பக்கவாட்டில் பிடித்திருக்கிறது. பாதுகாப்புக் காரணிகள் சேர்த்து மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சுமை. நடு ஸ்பானில் மொமென்ட், அதாவது பீமை வளைக்கும் திருப்புவிசை, 211 கி.நி.மீ. (கிலோநியூட்டன் மீட்டர்). இந்திய இரும்புக் கட்டுமான விதித்தொகுப்பான ஐஎஸ் 800-இன்படி இந்த பீமின் வளைவுத் தாங்குதிறன் சுமார் 348. ஆகப் பயன்பாட்டு விகிதம், அதாவது தேவையைத் தாங்குதிறனால் வகுத்தது, 0.61. 1-ஐத் தாண்டினால்தான் பிரச்சினை. தாராளமான பீம்.

இப்போது டக்டுக்காக 500 மி.மீ. நீளம், 250 மி.மீ. உயரத்தில் ஒரு செவ்வகத் துளை வேண்டும். எங்கே போடலாம்? நடு ஸ்பானில் மொமென்ட் அதிகம், அங்கே வேண்டாம், சப்போர்ட் பக்கம் போடுவோம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். சப்போர்ட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மொமென்ட் 97.5 கி.நி.மீ., ஷியர் (பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) 82.5 கி.நி. மாடல் சொல்வது: வளைவுக்கு 28 சதவீதம், ஷியருக்கு 15 சதவீதம் பயன்பாடு. சரி, துளையைக் கழித்துவிட்டுப் பார்ப்போம் என்று மிச்சமிருக்கும் வெப் பரப்பை மட்டும் எடுத்துக் கையால் கணக்கிட்டாலும் ஷியருக்கு 33 சதவீதம்தான். ஐ மதிப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்றால் அது இன்னும் மோசமான ஆறுதல்: அந்தத் துளை எடுத்துக்கொள்வது 1,224 செ.மீ.⁴, முழு பீமின் ஐ மதிப்பு 30,391. நாலு சதவீதம்தான் குறைகிறது. வெப் தகட்டின் நடுப்பகுதி வளைவுக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது பாடப்புத்தக உண்மை. அந்த உண்மைதான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது.

ஏனென்றால் அந்த இடத்தில் பீம் பீமாகவே இல்லை. துளைக்கு மேலே ஒரு டீ (T) வடிவத் துண்டு, கீழே ஒரு டீ வடிவத் துண்டு. நடுவே ஒன்றும் இல்லை. சாய்வான உறுப்பு இல்லாத ஏணியைப் பக்கவாட்டில் தள்ளினால் சட்டங்கள் எல்லாம் எஸ் வடிவில் வளைந்துதான் அந்தத் தள்ளலைத் தாங்கும். துளையின் வழியாக ஷியர் போகும்போது இரண்டு டீக்களும் அதைத்தான் செய்கின்றன. பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் வியரன்டீல் 1896-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாய்வு உறுப்புகளே இல்லாத ட்ரஸ்ஸை (சட்டங்களால் ஆன தாங்கியை) முன்வைத்து, 1902-இல் அவெல்கெம் ஊரில் அப்படி ஒரு பாலமும் கட்டினார். அவர் பெயராலேயே இதை வியரன்டீல் வளைவு என்கிறோம்.

கணக்கு கடினமில்லை. துளையின் மையத்தில் உள்ள ஷியரைத் துளையின் நீளத்தால் பெருக்கினால் வருவது, நான்கு மூலைகளிலும் டீக்கள் தாங்க வேண்டிய மொத்த வளைவு. மேலும் கீழும் ஒரே அளவு டீ என்றால் நான்கால் வகுக்கலாம். 82.5 பெருக்கல் 0.5, வகுத்தல் 4: மூலைக்கு 10.3 கி.நி.மீ. இதோடு பீமின் பொது மொமென்ட் ஒரு டீயை அழுத்தி இன்னொன்றை இழுக்கிறது. இரண்டு டீக்களின் மையங்களுக்கு இடையே 410 மி.மீ. இருப்பதால், டீயின் நீளவாக்கில் வரும் அந்த அச்சு விசை 238 கி.நி.

டீயால் எவ்வளவு முடியும்? 100 மி.மீ. உயரமுள்ள அந்த டீயின் எலாஸ்டிக் (எந்த இடமும் ஈல்டைத் தாண்டாத) வளைவுத் தாங்குதிறன் 5.7 கி.நி.மீ. மட்டுமே. தேவை 10.3. அச்சு விசைக்கு இன்னொரு 31 சதவீதம் போகிறது. இரண்டையும் கூட்டினால் விகிதம் 2.1. அதாவது மாடலில் 28 சதவீதம் காட்டிய இடம், உண்மையில் தாங்குதிறனைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கிறது. குறுக்குவெட்டு முழுதும் ஈல்டாகும்வரை கிடைக்கிற பிளாஸ்டிக் தாங்குதிறனை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஐஎஸ் 800-இன் அட்டவணைப்படி டீயின் தண்டு (மிச்சமிருக்கும் வெப் பகுதி) அதற்கு ஏற்ற அளவு தடிமனாக இருக்க வேண்டும். உயரத்தைத் தடிமனால் வகுத்தால் இங்கே 10.6 வருகிறது, வரம்பு 9.4. ஆகவே அனுமதி இல்லை. அனுமதித்தாலும் அச்சு விசைக்குக் கழித்தபின் 10.1-தான் கிடைக்கும், தேவையைவிடக் கொஞ்சம் குறைவு.

இதே துளையை நடு ஸ்பான் பக்கம், சப்போர்ட்டிலிருந்து 3.5 மீட்டரில் வைத்துப் பாருங்கள். மொமென்ட் 210, ஷியர் வெறும் 7.5. டீயின் அச்சு விசை 513 கி.நி., அதற்கு 67 சதவீதம் போகிறது. மூலை வளைவு 0.94 கி.நி.மீ., அதற்கு 16 சதவீதம். மொத்தம் 0.83. தாங்குகிறது. பீமின் மேல் சீரான சுமை மட்டும் இருக்கும்போது, எல்லோரும் பயப்படுகிற நடுப்பகுதிதான் நீளமான துளைக்கு நல்ல இடம். மாடலின் வண்ணப் படம் இதற்கு நேர் எதிராக வழிகாட்டும்: அது மொமென்ட் விகிதத்தைப் பார்த்து சப்போர்ட் பக்கம் நிறைய மிச்சம் இருப்பதாகக் காட்டும்.

துளையின் வடிவம் அதைவிடப் பெரிய ஆயுதம். சப்போர்ட்டிலிருந்து ஒரு மீட்டரில் அதே இடத்தில், செவ்வகத்துக்குப் பதில் 250 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை என்றால்? பிரிட்டனின் ஸ்டீல் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஸ்டிட்யூட் 2011-இல் வெளியிட்ட பி355 வழிகாட்டி, வட்டத்தை வியரன்டீல் கணக்குக்காக ஒரு சிறிய செவ்வகமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது: நீளம் விட்டத்தில் 0.45 பங்கு, உயரம் 0.9 பங்கு. மூலை வளைவு 10.3-இலிருந்து 2.3-க்கு இறங்கிவிடுகிறது, டீயும் கொஞ்சம் உயரமாகிறது. விகிதம் 0.62. ஒரே பெரிய டக்டை இரண்டு வட்டக் குழாயாகப் பிரித்துத் தர முடியுமா என்று ஏசி பொறியாளரிடம் ஒரு தடவை கேட்பது, பத்து ஸ்டிஃப்னரை (விறைப்புப் பட்டையை) வெல்டிங் செய்வதைவிட மலிவு. இரண்டு வட்டம் வந்தால் நடுவே நிற்கும் வெப் துண்டைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், அதைக் கிடையான ஷியர் வெட்டப் பார்க்கும், அது பிதுங்கவும் கூடும். ஆனால் ஒரு விட்டம் அளவு இடைவெளி விட்டால் இந்த பீமில் ஷியர் பெரிய பிரச்சினையாக வராது.

சரி, இதை மாடலில் எப்படிக் கொண்டுவருவது?

எனக்குப் பிடித்த வழி, துளை இருக்கும் நீளத்துக்கு மட்டும் பீமை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்ன வியரன்டீல் சட்டம் வைப்பது. துளையின் இரு விளிம்பிலும் ஒவ்வொரு நோடு. ஒவ்வொரு நோடிலிருந்தும் மேலேயும் கீழேயும் 205 மி.மீ. தூரத்துக்கு மிகவும் விறைப்பான குட்டி உறுப்பு, அதாவது ரிஜிட் லிங்க். அவற்றின் முனைகளை இணைத்து இரண்டு டீ உறுப்புகள். எந்த முனையிலும் ரிலீஸ், அதாவது சுழல விடும் கீல் இணைப்பு, கூடாது. அவ்வளவுதான். ஓட்டினால் டீயின் அச்சு விசையும் மூலை மொமென்ட்களும் நேரடியாக வரும். மேலே கையால் போட்ட 238-உம் 10.3-உம் பக்கத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு மூலை மொமென்ட்களையும் குறியோடு கூட்டினால் ஷியர் பெருக்கல் நீளம், அதாவது 41.25 வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் இணைப்பில் எங்கோ தவறு.

சொல்வதற்கு எளிதாக இருக்கிற இந்த முறையில் வழுக்குகிற இடங்கள் நிறைய. ஸ்டாட் ப்ரோவில் டீ வேண்டும் என்று ஐஎஸ்எம்பி 450-க்கு ‘டேபிள் டி’ கொடுத்தால், பீமை நட்டநடுவே அறுத்த 225 மி.மீ. டீ வந்து உட்கார்ந்துவிடும். நமக்கு வேண்டியது 100 மி.மீ. டீ. யூசர் டேபிளில் தனியாக உருவாக்கத்தான் வேண்டும். கீழ் டீயைத் தலைகீழாகத் திருப்ப பீட்டா கோணம் 180 தர வேண்டும். மறந்துவிட்டால் அதன் ஃபிளேஞ்ச் துளைப் பக்கம் திரும்பி நிற்கும். மொமென்ட் எண்கள் மாறாது, ஆனால் மாடலைப் பார்ப்பவர் தடுமாறுவார். தளத்தின் சுமையை மேல் டீயில்தான் வைக்க வேண்டும், அங்கேதான் அது உண்மையில் இறங்குகிறது. இந்த எடுத்துக்காட்டில் அது கூடுதலாக ஒரு மூலைக்கு 0.6 கி.நி.மீ. வரை கொண்டுவரும்.

அப்புறம் நீளங்கள். ஒரே பீம் இப்போது மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் மென்பொருள் அதன் தாங்கப்படாத நீளமாக எடுத்துக்கொள்ளும். கான்கிரீட் தளம் இல்லாத பீம் என்றால், பைப் ரேக் போன்ற இடங்களில், பக்கவாட்டு முறுக்கு பக்ளிங்குக்கு, அதாவது பீம் பக்கவாட்டில் முறுகி நெளிவதற்கு, 7.5 மீட்டருக்குப் பதில் 750 மி.மீ. என்று கணக்குப் போட்டுப் பெரிய வலிமையை இல்லாத இடத்தில் காட்டும். எல்எக்ஸ் பாராமீட்டரில் உண்மையான நீளத்தைக் கையால் தர வேண்டும். தொய்வுக்கும் அதே கதை: தொய்வு வரம்பைச் சொல்லும் டிஎஃப்எஃப் மட்டும் தந்தால் ஒவ்வொரு துண்டின் தொய்வும் அந்தத் துண்டின் நீளத்தோடு ஒப்பிடப்படும். டிஜே1, டிஜே2 தந்து முழு பீமின் இரு முனை நோடுகளையும் காட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ரிஜிட் டயஃப்ரம். தளத்தை டயஃப்ரமாக வைத்தால், அந்த மட்டத்தில் உள்ள நோடுகள் கிடைத்தளத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கவோ விலகவோ முடியாது. மேல் டீயின் இரு முனை நோடுகளும் அதில் மாட்டிக்கொண்டால் டீ சுருங்க முடியாது, சுருங்காத உறுப்பில் அச்சு விசை பூஜ்யம் என்றே வரும். 238 கி.நி. முடிவிலிருந்து மாயமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. மேல் டீயின் அச்சு விசையும் கீழ் டீயின் அச்சு விசையும் அளவில் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது இதைப் பிடிக்கிற எளிய வழி. துளை இருக்கும் பீமைப் பெரிய கட்டட மாடலிலிருந்து வெளியே எடுத்துத் தனி மாடலாக ஓட்டுவது இன்னும் நல்லது. பெரிய மாடலில் பீம் கோடாகவே இருக்கட்டும். அதிலிருந்து மொமென்ட்டையும் ஷியரையும் எடுத்துவந்து சின்ன மாடலில் துளையைப் பாருங்கள்.

தகடு மாடல், அதாவது வெப், ஃபிளேஞ்ச் எல்லாவற்றையும் பிளேட் எலிமென்ட்டாகக் கட்டுவது, பார்க்க அழகாக இருக்கும். துளை ஒழுங்கற்ற இடத்தில் இருந்தாலோ, துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பீம் வந்து ஏறினாலோ, வெப் பிதுங்குமா என்ற சந்தேகம் இருந்தாலோ இதுதான் சரியான வழி. ஆனால் செவ்வகத் துளையின் கூர்மையான மூலையில் வரும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 20 மி.மீ. எலிமென்ட் வலையில் ஒரு எண் வரும். 10 மி.மீ. ஆக்கினால் அது ஏறும், 5 மி.மீ. ஆக்கினால் இன்னும் ஏறும். கூர்மூலையில் எலாஸ்டிக் தீர்வுக்கு எல்லையே இல்லை. அந்த எண்ணைத் துரத்தாமல், துளை விளிம்பில் டீயின் குறுக்கே ஒரு வெட்டு எடுத்து, அங்கே மொத்த அச்சு விசை எவ்வளவு, மொமென்ட் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் மறுபடி அதே 238-க்கும் 10.3-க்கும் பக்கத்தில் வர வேண்டும். டீயின் தண்டு உயரத்துக்குள் குறைந்தது நாலு எலிமென்ட்டாவது இருக்கட்டும். சுமையை ஃபிளேஞ்சின் ஓரத்தில் வைக்காமல் வெப்புக்கு நேர் மேலே வையுங்கள், இல்லையென்றால் ஃபிளேஞ்ச் தனியாக மடங்கித் தேவையில்லாத அழுத்தங்கள் காட்டும்.

துளைக்கென்றே வசதி வைத்திருக்கிற மென்பொருள்களும் உண்டு. ஸ்டாட் ப்ரோவில் அமெரிக்காவின் பழைய ஏஎஸ்டி (அனுமதி அழுத்த முறை) விதிகளுக்கு ஆர்ஹோல், சிஹோல் என்று செவ்வகத் துளைக்கும் வட்டத் துளைக்கும் பாராமீட்டர்கள் இருக்கின்றன. ராம் ஸ்டீல், டெக்லா ஸ்ட்ரக்சுரல் டிசைனர் போன்றவற்றில் துளையின் இடத்தையும் அளவையும் நேரடியாகக் கொடுக்கலாம். வரிசையாக இருபது, முப்பது வட்டம் உள்ள செல்லுலர் பீமுக்கு இப்படிப்பட்ட கருவி இல்லாமல் சட்டம் சட்டமாகக் கட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஆனால் எந்த விதித்தொகுப்பின்படி சரிபார்க்கிறது, ஸ்டிஃப்னரைக் கணக்கில் எடுக்கிறதா, துளை எந்த முனையிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைக் கையேட்டில் படித்துவிட்டே தொட வேண்டும்.

விதித்தொகுப்பு என்று வரும்போது இந்தியப் பொறியாளர்களுக்கு ஒரு கஷ்டம். ஐஎஸ் 800:2007-இல் வெப் துளைக்கு வியரன்டீல் சரிபார்ப்பு என்று தனி முறை கிடையாது. அதனால் டேவிட் டார்வின் எழுதி அமெரிக்க இரும்புக் கட்டுமான அமைப்பான ஏஐஎஸ்சி 1990-இல் வெளியிட்ட டிசைன் கைடு 2-ஐயோ, மேலே சொன்ன பி355-ஐயோ எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் 2024-இல் இதற்கென்றே யூரோகோடு 3-இன் 1-13-ஆம் பகுதி வந்துவிட்டது. எதை எடுத்தாலும் வலிமைக் காரணிகளை ஒன்றிலிருந்தும் சூத்திரத்தை இன்னொன்றிலிருந்தும் கலக்காமல் கவனமாக இருக்க வேண்டும். டிசைன் கைடு 2 தரும் சில எல்லைகள் எப்போதும் மனதில் இருக்க வேண்டியவை: துளை உயரம் பீம் உயரத்தில் 0.7 பங்கைத் தாண்டக் கூடாது, டீயின் உயரம் பீம் உயரத்தில் 0.15 பங்குக்குக் கீழே போகக் கூடாது, மூலையில் குறைந்தது 16 மி.மீ. அல்லது வெப் தடிமனைப்போல் இரு மடங்கு, எது பெரிதோ அந்த அளவு ஆரம் வேண்டும்.

தொய்வைப் பற்றி இரண்டு வரி. நம் செவ்வகத் துளையின் இரு முனைக்கும் நடுவே வியரன்டீல் வளைவால் மட்டும் ஏறக்குறைய 1 மி.மீ. படி இறங்குகிறது. பெரிதில்லை. ஆனால் அது நீளத்தின் மும்மடி. துளை ஒரு மீட்டர் நீளமானால் அதே ஷியருக்கு 8 மி.மீ.க்கு மேல் போகும், கோட்டு மாடலில் அது வரவே வராது.

துளை இடம் மாற முடியாது, வடிவம் மாற முடியாது என்றால் கிடைமட்ட ஸ்டிஃப்னர்தான் வழி. துளையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தட்டைப் பட்டைகளை வெல்டிங் செய்தால் டீயும் ‘ஐ’ (I) வடிவத்துக்குப் பக்கத்தில் வந்து அதன் வளைவுத் திறன் பல மடங்கு கூடும். பட்டை துளையோடு நின்றுவிடக் கூடாது. இரு பக்கமும் துளை நீளத்தில் குறைந்தது கால் பங்காவது தாண்டிப் போனால்தான் விசை வெப்புக்குள் இறங்கும். சட்ட மாடலில் இதற்கு டீ செக்‌ஷனின் பண்புகளை மாற்றினால் போதும். நிமிர்ந்த ஸ்டிஃப்னர்களைத் துளையின் இரு பக்கமும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவை வெப் பிதுங்குவதைத் தடுக்கும், டீயின் வளைவுக்கு ஒரு உதவியும் செய்யாது.

கடைசியாக, நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒன்று: டிசைன் முடிந்து, பீம் ஏறி, தளமும் போட்ட பிறகு டக்ட் ஆட்கள் வந்து கேஸ் கட்டிங்கில் துளை போட்டுவிடுவது. மூலைகள் கூராகவும் விளிம்பு பல்லுப் பல்லாகவும் இருக்கும். வரைபடத்தில் உள்ள அளவை நம்பாமல் நேரில் போய் நீளம், உயரம், சப்போர்ட்டிலிருந்து தூரம், மேல் டீயும் கீழ் டீயும் சமமா என்று அளந்து, அந்த அளவுகளோடு சட்ட மாடல் போட வேண்டும். சமமில்லாத டீ என்றால் ஷியர் பாதிப் பாதியாகப் பிரியாது, விறைப்பான டீ அதிகம் இழுத்துக்கொள்ளும், மாடல் அதைத் தானே காட்டும். மூலைகளைத் தேய்த்து ஆரம் கொண்டுவர வேண்டும். ஸ்டிஃப்னர் வைக்க வேண்டியிருந்தால் முதலில் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சுமையை இறக்கிவிட்டுத்தான் வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிற மெல்லிய டீயில் சூடு ஏறினால், அந்த நேரத்துக்கு அதன் வலிமை குறையும். சுமை இறக்காமல் ஒட்டிய பட்டை, அதற்குப் பிறகு வரும் சுமையை மட்டுமே முதலில் பகிர்ந்துகொள்ளும்.